பிள்ளை வீடு மாறினால் தாபரிப்புக் காசு என்னாகும்?

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வீடு மாறுகிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க ஹட்டனுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போய் போடிங்கில் தங்குகிறவர்கள் உண்டு. அம்மாவோடு ஒத்துப்போகாமல் அப்பாயி வீட்டுக்குப் போகிறவர்கள், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. தாய் தகப்பன் சேர்ந்து வாழும் வீட்டில் இது குடும்பத்துக்குள் முடிந்துவிடும். இருவரும் பிரிந்து, நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கட்டளையும் (பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லும் கட்டளை) இருந்தால், பிள்ளை பெட்டியைத் தூக்கிய மாதத்திலேயே காசுப் பிரச்சினை தொடங்கிவிடும்.

"புள்ள அவகிட்ட இல்லையே, அப்புறம் எதுக்கு அவளுக்குக் கட்டணும்?" என்று தகப்பன் நிறுத்திவிடுவார். "கோட்டுல எம்பேருலதான் எழுதியிருக்கு" என்று தாய் வாங்கிக்கொண்டே இருப்பார். பிள்ளைக்குச் சோறு போடுகிற அம்மாயியோ அத்தையோ யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடன்பட்டுக்கொண்டிருப்பார். இந்த மூவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை இடம் மாறினாலும் கட்டளை இடம் மாறாது. அதைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேறொருவர் கைக்கு மாற்றவோ நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். தோட்டத் தலைவர் முன்னால் பேசி முடித்ததும், பொலிஸில் எழுதிக் கையெழுத்துப் போட்ட சமாதானக் கடிதமும், வட்ஸ்அப்பில் "இனிமே வேணாம்" என்று தாய் அனுப்பிய செய்தியும் அந்தக் கட்டளையை அசைக்காது.

சட்டம் சொல்வது

இலங்கையில் இதற்கான சட்டம் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். தாய், தகப்பன் இருவரையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. போதிய வருமானம் உள்ள ஒரு பெற்றார், தன்னைத் தானே பராமரிக்க இயலாத பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால், மாதக் கொடுப்பனவு வழங்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆகவே தகப்பன் மட்டும்தான் கட்ட வேண்டும் என்பது சரியல்ல. பிள்ளையை அம்மாயியிடம் விட்டுவிட்டுக் குவைத்திலோ கொழும்பிலோ உழைக்கும் தாய்க்கும் இந்தக் கடமை உண்டு.

18 வயதுக்குக் குறைந்தவர் பிள்ளை. 18க்கும் 25க்கும் இடைப்பட்டவர்கள் 'வளர்ந்த பிள்ளை' என்ற தனி வகை. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயதெல்லை கிடையாது. பெற்றோர் பதிவுத் திருமணம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்து பிரிந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. ஆனால் தகப்பன் மறுத்தால் அவர்தான் தகப்பன் என்பதை வலுவான சான்றோடு நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா, பெற்றோர் திருமணமானவர்கள் என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சட்டத்தில் நம் ஆட்கள் அதிகம் நட்டப்படும் இடம் திகதிதான். கொடுப்பனவு வழக்கமாக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும். நீதவான் காரணம் எழுதி வேறு திகதி குறித்தால் மட்டுமே அது மாறும். பிள்ளையைப் பத்து மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பதினோராவது மாதம் நீதிமன்றம் போகிற பாட்டிக்கு, போன பத்து மாதச் செலவு பெரும்பாலும் போனதுதான். "தீபாவளி முடியட்டும்", "பெரியவங்க பேசிப் பாக்கட்டும்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் காசு.

பிள்ளை கட்டுகிறவரிடமே போய்விட்டால்

தாயிடம் இருந்த பதினைந்து வயதுப் பையன் தகப்பனிடம் போய்விடுகிறான். தகப்பன் அவனுக்குச் சாப்பாடும் போட்டுக்கொண்டு தாய்க்கும் பணம் கட்டுவது நியாயமில்லைதான். ஆனால் அதற்காக அவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு, தானாக நிறுத்துவது. கட்டளை உயிரோடு இருக்கும்வரை கட்டாத மாதம் ஒவ்வொன்றும் நிலுவையாக ஏறும். அபராதம் அறவிடுவதைப் போல அந்தத் தொகையை அறவிட நீதவான் ஆணை பிறப்பிக்கலாம். அப்படியும் வராவிட்டால், கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரையான சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. ஆறு மாதம் கழித்து தாய் கோபத்தில் நிலுவை கேட்டு மனுப் போட்டால், "பையன் என்கிட்டதான் இருந்தான்" என்பது ஒரு விளக்கமாக நிற்குமே தவிர, அந்த ஆறு மாதக் கணக்கைத் தானாக அழித்துவிடாது.

தகப்பன் செய்ய வேண்டியது இது. பிள்ளை வந்த கிழமையே, கட்டளை பிறந்த அதே நீதிமன்றத்தில், பழைய வழக்கிலக்கத்தின் கீழ், நிலைமை மாறிவிட்டது என்று காட்டிக் கட்டளையை ரத்துச் செய்ய அல்லது மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். கட்டுகிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் இந்த உரிமை உண்டு. விண்ணப்பத்தோடு பிள்ளை படிக்கும் புதிய பாடசாலை அதிபரின் கடிதம், சேர்ந்த திகதி, தகப்பனின் முகவரியில் பிள்ளை வசிப்பதற்கான கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஆகியவை இருக்கட்டும். தீர்ப்பு வரும்வரை பணத்தைத் தொடர்ந்து கட்டுவதே பாதுகாப்பு. முழுத்தொகை கட்ட முடியாவிட்டால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதி நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

தாய்க்கும் சம்மதம் என்றால் வேலை மிகச் சுலபம். இருவரும் ஒரே தவணையில் ஆஜராகி, பிள்ளை இன்ன திகதியிலிருந்து தகப்பனோடு இருக்கிறது, கொடுப்பனவை அந்தத் திகதியிலிருந்து நிறுத்தச் சம்மதம் என்று சொல்லி நீதவானைக் கொண்டு பதிவு செய்துவிடலாம். இதில் தாய் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வழக்கில் இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒன்றுதான் இடம் மாறியிருக்கிறது என்றால், மற்றப் பிள்ளைக்கான தொகை தனியாக எழுதப்பட வேண்டும். 'இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 12,000' என்று மொத்தமாக எழுதிய பழைய கட்டளைகளில் இதுதான் சண்டைக்குக் காரணம். தகப்பன் தானாகப் பாதியாக்கி 6,000 கட்டுவார். சின்னப் பிள்ளைக்கு 4,000, பெரிய பிள்ளைக்கு 8,000 என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்டதா என்பது கட்டளையில் இருக்காது. புதிதாக எழுதும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள்.

பிள்ளைப் பொறுப்பு வேறு, தாபரிப்பு வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்திருந்தால், பையன் தகப்பனிடம் போனதால் அந்த ஒப்படைப்பு மாறிவிடாது. அதை மாற்ற மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தாபரிப்புத் தொகையும் அந்த விவாகரத்துத் தீர்ப்பிலேயே இருந்தால் அதையும் அங்கேதான் கேட்க வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை யாரோடு இருக்க விரும்புகிறது என்பதை நீதிபதி கேட்பார். பிள்ளையின் நலனே முதலில் பார்க்கப்படும். அந்த விருப்பத்தைச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்காதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் தாங்களாகவே தெளிவாகப் பேசுவார்கள். சொல்லிக்கொடுத்த பேச்சு நீதிபதிக்கு உடனே விளங்கிவிடும், பிள்ளையின் மனதிலும் அது ஆறாத காயமாக நின்றுவிடும்.

அம்மாயி, அப்பாயி, அத்தை வீட்டில் பிள்ளை

மலையகத்தில் மிக அதிகமாக நடப்பது இதுதான். மிகக் குறைவாக நீதிமன்றம் போவதும் இதுதான். தாய் மறுமணம் செய்திருப்பார், அல்லது வெளிநாடு போயிருப்பார். பிள்ளை பாட்டியின் லயத்துக்கு வந்துவிடும். தகப்பனின் பணம் தாயின் வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் பிள்ளைக்காகத் தாபரிப்புக் கேட்கலாம். ஆகவே பாட்டிக்குப் போக வழி உண்டு, "நீங்க பெத்தவங்க இல்லையே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஏற்கனவே கட்டளை இருந்தால், அதே வழக்கில் பணத்தைப் பெறுபவரை மாற்றக் கோரலாம். தாய்க்கும் வருமானம் இருந்தால் தாய்க்கு எதிராகவும் தனியாக விண்ணப்பம் போடலாம். பெற்ற மகளுக்கு எதிராக நீதிமன்றம் ஏறுவது ஒரு பாட்டிக்கு எவ்வளவு கனமானது என்பது தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் தாய் தானே முன்வந்து, தகப்பனின் பணம் நேரே பாட்டிக்குப் போகட்டும் என்று நீதிமன்றத்தில் சம்மதம் சொல்வதே நல்லது. வெளிநாடு போகத் தயாராகும் தாய்மார் இதை விமானம் ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். ஏறிய பிறகு ஒவ்வொரு தவணையும் "தாய் வரவில்லை" என்று தள்ளிப்போகும்.

பாட்டி கையில் எடுத்துப் போக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பழைய கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி, பாட்டியின் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலகத்தில் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ், அதிபரின் கடிதம். அதிபரின் கடிதத்தில் "பாதுகாவலர்" என்று பாட்டியின் பெயர் இருப்பது நல்ல பலம். பெற்றார் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது பாடசாலைப் பதிவில் இருக்கும். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் ஒருமுறை சந்தித்து, பிள்ளை எப்போதிலிருந்து எங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிற்பாடு திகதியில் தகராறு வந்தால் அது உதவும்.

பிள்ளை வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் அடி, குடி, அல்லது அதைவிட மோசமான ஒன்று என்றால், காசுப் பேச்சைப் பிறகு வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரும் அதில் வருவார். பெற்றாரின் கொடுமையால் பிள்ளை வெளியேறினாலும் அந்தப் பெற்றாரின் தாபரிப்புக் கடமை அதனால் போய்விடாது.

போடிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளை

இங்கே பிள்ளை தாயை விட்டுப் போகவில்லை, படிக்கத்தான் போயிருக்கிறது. பொறுப்பு தாயிடமே இருக்கிறது, செலவுதான் கூடிவிட்டது. ஆகவே தகப்பன் நிறுத்தக் காரணம் இல்லை. தாய் கூட்டிக் கேட்கக் காரணம் இருக்கிறது.

கூட்டிக் கேட்கும்போது கணக்கு எழுதிப் போக வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு மாதக் கணக்கு: போடிங் அறை 6,000, சாப்பாடு 12,000, மூன்று பாடத்துக்கு டியூஷன் 6,000, மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகப் பஸ் 2,000, கொப்பி, போட்டோகொப்பி, சவர்க்காரம், போன் டேட்டா 3,000. மொத்தம் 29,000 ரூபா.

இப்போது தகப்பன் பக்கம். 2024 செப்டம்பரில் சம்பளச் சபை தேயிலைத் தோட்ட அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கியது. அந்த வீதத்தில் மாதம் 20 நாள் பேர் விழுந்தால் (வேலை நாளாகப் பதிவானால்) 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா கழிந்தால் 24,840. (உங்கள் சம்பளச் சீட்டில் இப்போது இருக்கும் வீதத்தைப் போட்டு இதே மாதிரிக் கணக்கிடுங்கள்.) 24,840 வாங்குகிறவரிடம் 29,000 கேட்டால் விண்ணப்பம் வலுவிழக்கும். நீதவான் பார்ப்பது பெற்றார் இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும்தான். தாயும் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்குகிறார் என்றால் இருவருக்கும் பங்கு உண்டு. "மொத்தச் செலவு 29,000, என் வருமானத்திலிருந்து இவ்வளவு போடுகிறேன், மீதியில் இவ்வளவு அவர் தர வேண்டும்" என்று எழுதிப் போகிற தாயின் பேச்சு நிற்கும்.

சம்பளச் சீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தோட்டச் சீட்டின் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தால் தகப்பன் ஏழையிலும் ஏழையாகத் தெரிவார். தீபாவளி அட்வான்ஸ், தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, கடன் என்று எல்லாம் வெட்டிய பிறகு மிஞ்சுவது அது. நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியது உழைத்த மொத்தமும், எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ மேலதிகக் கொழுந்து என்பதும்தான். ஒரு மாதச் சீட்டை ஏற்க வேண்டாம், ஆறு மாதச் சீட்டாவது கேளுங்கள். வேண்டுமென்றே வேலைக்குப் போகாமல் நாளைக் குறைத்து வைப்பவரிடம், உழைக்கும் வல்லமையையும் சட்டம் வருமானமாகப் பார்க்கிறது என்பதைச் சட்டத்தரணி எடுத்துச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வெளியே மேசன் வேலை, ஆட்டோ, மரக்கறித் தோட்டம் என்று கைக்காசு உழைப்பவருக்குச் சீட்டே இருக்காது. அங்கே ஆட்டோ யார் பேரில் இருக்கிறது, லீசிங் மாதம் எவ்வளவு கட்டுகிறார், யாரிடம் வேலை செய்கிறார் என்பதுதான் சான்று. மாதம் 30,000 லீசிங் கட்டுகிறவர் பிள்ளைக்கு 3,000 தர வழியில்லை என்று சொல்வதை எந்த நீதவானும் எளிதில் ஏற்கமாட்டார்.

பழைய கட்டளை வைத்திருப்பவர்கள் இதையும் யோசியுங்கள். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இல் நாட்சம்பளம் 1,000 ஆனது. 2024இல் அடிப்படை 1,350. 700 ரூபா காலத்தில் 3,000 என்று எழுதிய கட்டளை இன்றும் 3,000 ஆகவே கிடக்கிறது, 2022இல் அரிசியும் மாவும் பஸ்ஸும் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகும். கட்டளை தானாக ஏறாது. பிள்ளை போடிங் போனதைக் காட்டி விண்ணப்பிக்கும்போது சம்பள உயர்வையும் விலை உயர்வையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டுமே சூழ்நிலை மாற்றம்தான்.

வேலைக்குப் போன பிள்ளை, குடும்பம் நடத்தப் போன பிள்ளை

2021 திருத்தங்களுக்குப் பிறகு வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. கட்டாயக் கல்வியும் 16 வயது வரை. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைக் கொழும்புக் கடையில் விட்டுவிட்டு "அவன்தான் சம்பாதிக்கிறானே" என்று தாபரிப்பை நிறுத்தக் கேட்கிற பெற்றார், சட்டத்துக்கு மாறான ஒன்றைத் தனக்குச் சாதகமாகக் காட்டுகிறார். 16 தாண்டிய பிள்ளை உண்மையிலேயே நிலையான சம்பளத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டால், அதைக் காட்டிக் குறைக்கவோ நிறுத்தவோ கேட்கலாம். மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளைகளே அதிகம் என்பதையும் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். சாப்பாடும் தங்கலும் கொடுத்துக் கையில் சில்லறை தருகிற வேலை, தன்னைத் தானே பராமரிப்பது ஆகாது.

பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருவரோடு போய்விட்டால், "கட்டிக்கொண்டு போயிட்டாள், இனி எனக்கென்ன" என்று தகப்பன் கைகழுவுவதும் நடக்கிறது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அதற்கு முன்னால் நடந்ததைச் சட்டம் திருமணமாக ஏற்காது, அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் பிள்ளைதான். அவள் திரும்பி வந்து படிக்க நினைத்தால் வாசல் திறந்திருக்க வேண்டும், தாபரிப்பும் இருக்க வேண்டும்.

வழக்கு ஏன் இழுபடுகிறது

பெரும்பாலும் முகவரியால்தான். அறிவித்தல் எதிராளியின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் வழக்கு நகராது. 'மேற்பிரிவு, இன்ன தோட்டம், மஸ்கெலியா' என்று எழுதினால், அதே பெயரில் அந்தப் பிரிவில் நான்கு பேர் இருப்பார்கள். தபால் தோட்ட அலுவலகத்தில் கிடக்கும். தோட்டம், பிரிவு, லய இலக்கம், வீட்டிலக்கம், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, வேலை செய்யும் இடம், செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வேலைப் பதிவேடு) இலக்கம் ஆகிய அத்தனையையும் எழுதிக் கொடுங்கள். கொழும்பில் வேலை என்றால் கடையின் முகவரியையும். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்து நேராக வெட்டி அனுப்பும்படி முதலாளிக்குக் கட்டளையிட நீதவானால் முடியும். அதற்கும் இந்த விவரம் வேண்டும். வெளிநாட்டு முதலாளியிடம் இது செல்லாது, உள்ளூரில் சம்பளம் வாங்குகிறவரிடமே பயன்படும்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக, அடையாள அட்டையில் ஒரு விதமாக, தோட்டச் சீட்டில் மூன்றாவது விதமாகப் பெயர் எழுதப்பட்டிருக்கும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து முதல் தவணைக்கே கொண்டு போங்கள். இல்லையென்றால் அதற்காகவே ஒரு தவணை போகும். ஒரு தவணை என்றால் ஒரு நாட்சம்பளமும் பஸ் காசும்.

நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே புதிய விண்ணப்பம் போடலாம், தகப்பன் கொழும்பில் இருக்கிறார் என்பதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தவணையிலேயே இடைக்காலக் கட்டளை கேட்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வழக்கு முடிய எவ்வளவு காலம் எடுத்தாலும் பிள்ளைக்கு அதுவரை ஏதாவது வரும்.

வழக்கு சிங்களத்தில் நடக்கும்போது விளங்காமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்கிறது. கூண்டில் ஏறியதும் "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) மொழிபெயர்த்துச் சொன்ன தொகையையும் திகதியையும் அங்கேயே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

பணம் கைமாறும் விதம்

கட்டுகிறவர், கட்டளையில் சொன்ன வழியில் மட்டுமே கட்ட வேண்டும். பிள்ளையின் கையில் ரொக்கமாகக் கொடுத்தது, சப்பாத்து, போன் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அன்பளிப்பாகவே கணக்காகும் ஆபத்து இருக்கிறது. வங்கியில் கட்டும் சீட்டில் மாதத்தையும் வழக்கிலக்கத்தையும் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் வரும் மெஷின் சீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும்.

வாங்குகிறவர், பிள்ளையின் பேரில் இருக்கும் சிறுவர் சேமிப்புக் கணக்குக்குப் பணம் வரும்படி கேட்க வேண்டாம். அந்தக் கணக்குகள் பலவற்றில் 18 வயது வரை பணத்தை எடுக்க முடியாது, மாதச் சாப்பாட்டுக்கு அது உதவாது. பிள்ளை போடிங்கில் இருந்தால் தாயின் கணக்குக்கு வந்து, தாய் போடிங் அம்மாவுக்குக் கட்டிச் சீட்டு வாங்கி வைப்பதுதான் ஒழுங்கு. அந்தச் சீட்டுகளே அடுத்த தடவை கூட்டிக் கேட்கும்போது சான்று.

இனிமேல் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளும்படி தாய்மாரை நெருக்குவது உண்டு. பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அப்படி எழுதியிருந்தாலும் பிள்ளைக்காகப் போய்க் கேட்கலாம்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. அவர்களது தாபரிப்புக் கோரிக்கைகள் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்துக்குப் போகும். பிள்ளை இடம் மாறினால் காதியிடமே மாற்றம் கேட்க வேண்டும்.

பதினெட்டாவது பிறந்தநாள்

உயர்தரம் எழுதும்போது நம் பிள்ளைகளுக்கு 18 அல்லது 19 வயது. பிள்ளைக்கான கட்டளையின் வயதெல்லை வந்து நிற்பதும் அங்கேதான். டியூஷனும் போடிங்கும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தகப்பன் "18 முடிஞ்சு போச்சு" என்று நிறுத்துவார். அவர் பேச்சிலும் சட்டம் இருக்கிறது. தாயின் பேரிலான பழைய கட்டளை அப்படியே ஓடும் என்று நம்பியிருக்க வேண்டாம். பிள்ளை 'வளர்ந்த பிள்ளை' என்ற வகையில், தான் இன்னும் படிக்கிறேன், என்னைப் பராமரிக்க எனக்கு வழியில்லை என்று புதிதாகக் கேட்க வேண்டும். அந்த உரிமை 25 வயது வரை இருக்கிறது. பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி எதுவானாலும் அனுமதிக் கடிதத்தையும், உயர்தரம் என்றால் அதிபரின் கடிதத்தையும் பரீட்சை அனுமதி அட்டையையும் இணைக்கலாம். இந்த விண்ணப்பமும் போட்ட நாளிலிருந்தே பொதுவாகக் கணக்காகும். ஆகவே பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பிறப்புச் சான்றிதழ், பழைய கட்டளையின் பிரதி, தகப்பனின் இப்போதைய முகவரி, செலவுக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துச் சட்டத்தரணியைப் பார்த்துவிடுங்கள். 18 நிறைந்த கிழமையிலேயே பிள்ளை போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம்.